மேதையை மணக்காத பாடகி

ரஷ்ய இசை மேதை சாய்கோவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாறுகள் எத்தனையோ வந்திருக்கின்றன. எதை எடுத்துப் புரட்டினாலும் 1868-ம் ஆண்டுக்கு வரும்போது தெசிரே ஆர்ட்டோ என்ற பெயர் தட்டுப்படும். சில பக்கங்களுக்கு அந்தப் பெயர் அமர்க்களப்படும். பிறகு மறைந்துபோகும். "சாய்கோவ்ஸ்கியை எதிர்பார்க்க வைத்துவிட்டு வேறொருவரை மணந்துகொண்ட பாடகி" என்று ஒரே வரியில் பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

அந்த அம்மையாருக்கு இது நியாயம் செய்யாத கணக்கு. 1868-ல் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தால், ஐரோப்பாவுக்குத் தெரிந்த முகம் ஆர்ட்டோவுடையதுதான். பாரிஸ், பெர்லின், லண்டன் ரசிகர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். சாய்கோவ்ஸ்கியோ மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்துக் கொண்டு, கல்லூரித் தலைவரின் வீட்டிலேயே ஒண்டிக் குடியிருந்த இருபத்தெட்டு வயது வாத்தியார். உலகப் புகழ் பெற்ற அவருடைய படைப்புகளில் ஒன்றுகூட அப்போது பிறந்திருக்கவில்லை.

கொம்பு வாசித்தவரின் மகள்

ஆர்ட்டோ 1835 ஜூலை 21-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். குடும்பம் பெல்ஜியக் குடும்பம். தகப்பனார் 'ஹார்ன்' எனப்படும் வளைந்த கொம்பு வாத்தியம் வாசிப்பவர். பிரஸ்ஸல்ஸ் நகரின் 'லா மொனே' ஆப்பரா அரங்கில் வாசித்தார்; அந்நகர சங்கீதக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார். சிற்றப்பா அலெக்ஸாண்டர் ஆர்ட்டோ பெயர் பெற்ற வயலின் வித்வான். அமெரிக்கா வரை போய்க் கச்சேரி செய்தவர். முப்பது வயதிலேயே காலமாகிவிட்டார்.

இந்த 'லா மொனே' அரங்கம் சாமான்யமானதல்ல. பெல்ஜியம் என்ற நாடு உருவானதற்கே அதற்கு ஒரு பங்கு உண்டு. 1830 ஆகஸ்ட் 25-ந் தேதி இரவு அங்கே பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒபேரின் ஆப்பரா ஒன்று நடந்தது. அதில் தாய்நாட்டுப் பற்றைப் பற்றி இருவர் சேர்ந்து பாடும் கட்டம் வந்ததும் சபையோர் கொதித்தெழுந்தார்கள். ஆட்டம் முடிந்து தெருவில் இறங்கிய கூட்டம் கலகத்தில் இறங்கியது. டச்சு மன்னரின் ஆட்சி ஆட்டங்கண்டது. அக்டோபர் மாதம் சுதந்திரப் பிரகடனம் வந்துவிட்டது. பாட்டுக் கேட்கப் போனவர்கள் நாடு ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய கதை உலகச் சரித்திரத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை! ஒபேர் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளட்டும். ஆர்ட்டோவின் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

குருவின் வேடத்தில் சிஷ்யை

ஆர்ட்டோவுக்கு வாய்த்த குரு பாலின் வியார்தோ. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய யோகம் ஒரு பாடகிக்குக் கிடைத்திருக்க முடியாது. வியார்தோவின் தகப்பனார், அண்ணன், அக்கா எல்லோரும் சங்கீதத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள். அண்ணன் மானுவேல் கார்சியா, தொண்டைக்குள் குரல் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னவர். இப்படிப்பட்ட குடும்பத்து வித்தை ஆர்ட்டோவுக்கு வந்து சேர்ந்தது.

ஆப்பரா பாடுவது என்பது சாரீரத்துக்கு மட்டும் வைக்கும் பரீட்சையல்ல. ஒலிபெருக்கி இல்லாத காலம். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் அறுபது எழுபது பேர் வாத்தியங்களை முழக்கிக் கொண்டிருப்பார்கள். அதற்கு மேலாகக் குரல் எழும்பி, கடைசி மாடத்தில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதில் சொல் சொல்லாக விழவேண்டும். அதே நேரத்தில் அழவேண்டும், சிரிக்கவேண்டும், செத்து விழவும் வேண்டும்.

1858 பிப்ரவரி 5-ந் தேதி பாரிஸ் ஆப்பராவில் ஆர்ட்டோ மேடையேறினார். அவரைத் தேர்ந்தெடுத்தவர் அன்றைய ஆப்பரா உலகின் முடிசூடா மன்னரான மேயர்பீர். கொடுத்த வேடம் 'தீர்க்கதரிசி' என்ற அவருடைய ஆப்பராவில் வரும் ஃபிடெஸ் என்ற கிழவி. இந்த வேடத்தை மேயர்பீர் 1849-ல் வியார்தோவுக்கென்றே எழுதியிருந்தார். ஆக, குரு உயிர் கொடுத்த பாத்திரத்தில், அந்தக் குருவை அதே பாத்திரத்தில் பார்த்துப் பழகிய பாரிஸ் ரசிகர்கள் முன்னால், இருபத்திரண்டு வயது சிஷ்யை நிற்கவேண்டும்.

கதையும் லேசானதல்ல. மகன் தன்னைத் தெய்வாம்சம் என்று ஊரை நம்பவைத்து முடிசூட்டிக் கொள்கிறான். தாய் கூட்டத்தில் அவனை அடையாளம் கண்டு "மகனே!" என்று கூவுகிறாள். அவனோ "யார் இந்தப் பெண்?" என்கிறான். மகன் உயிர் பிழைக்கவேண்டுமே என்று தாயும், "நான் தவறாகச் சொல்லிவிட்டேன், இவன் என் மகனல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல நேருகிறது. குழந்தை பெறாத ஓர் இளம்பெண் இந்தக் கட்டத்தைத் தாங்கி நிற்பது எளிதா? ஆர்ட்டோ தாங்கினார். பிறரைப் பாராட்டுவதில் கஞ்சத்தனம் காட்டும் பெர்லியோஸ் போன்ற விமர்சகரே பத்திரிகையில் அவரைப் புகழ்ந்து எழுதினார்.

சாரீரத்தை மாற்றிய துணிச்சல்

இவ்வளவு வெற்றிக்குப் பின்னும் ஆர்ட்டோ பாரிஸில் நிலைத்து உட்காரவில்லை. அடுத்த ஆண்டே இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவருடையது 'மெஸ்ஸோ சொப்ரானோ' என்ற வகைச் சாரீரம். பெண் குரலில் நடு ஸ்தாயி. இந்தக் குரல்காரிகளுக்கு ஆப்பராவில் பெரும்பாலும் கிடைப்பது தாய், குறத்தி, கதாநாயகியின் போட்டிக்காரி போன்ற வேடங்கள். காதலனை அடைகிற, அல்லது அடையாமல் உயிரை விடுகிற கதாநாயகி அநேகமாக மேல் ஸ்தாயிக்காரியாகத்தான் இருப்பாள். ஆர்ட்டோ தம் சாரீரத்தை மேல்நோக்கி வளர்க்க முடிவு செய்தார். இது விளையாட்டான காரியமல்ல. குரலை அதன் இயல்புக்கு மேல் இழுத்து, இருந்ததையும் இழந்தவர்கள் ஐரோப்பிய மேடையில் ஏராளம்.

அவர் அவசரப்படவில்லை. 1859-ல் பெர்லினில் விக்டோரியா அரங்கம் திறக்கப்பட்டபோது ஓர் இத்தாலியக் குழுவுடன் பாடினார். ரோசினியின் 'செவில் நகரத்து நாவிதன்', 'சின்ட்ரெல்லா' இரண்டிலும் நாயகியாக வந்தார். ரோசினி இந்த இரண்டு நாயகிகளையும் தாழ்ந்த பெண் குரலுக்கே எழுதியிருந்தது ஆர்ட்டோவுக்கு நல்ல படிக்கட்டாக அமைந்தது. பெர்லின் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1863-ல் லண்டனில் டொனிஸெட்டியின் 'படைப்பிரிவின் மகள்' ஆப்பராவில் துள்ளித் திரியும் இளம்பெண்ணாக வந்தார். வெர்டியின் வயலெட்டா, கூனோவின் மார்கெரித் என்று மேல் ஸ்தாயி நாயகிகளும் அவர் கைக்குள் வந்தார்கள். ஐந்து வருஷங்களுக்கு முன்னால் கிழவியாக அழுதவர் அவர்!

அவர் உச்சத்தில் பாடிய காலத்தில் ஒலிப்பதிவே கிடையாது. எடிசனின் கருவி 1877-ல்தான் வந்தது. எனவே கேட்டவர்கள் எழுதி வைத்ததைத்தான் நம்பவேண்டும். சாய்கோவ்ஸ்கியின் நண்பரும் விமர்சகருமான லாரோஷ் நன்றாக எழுதியிருக்கிறார். ஆர்ட்டோ அழகியல்ல, முப்பதைத் தொட்டவர், உடம்பு கொஞ்சம் பருக்கத் தொடங்கியிருந்தது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டு, அந்தக் குரல் புல்லாங்குழலைவிட 'ஓபோ' வாத்தியத்தைத்தான் நினைவூட்டியது என்கிறார். ஓபோ, நாகஸ்வரத்தைப் போலவே இரட்டை நாக்குச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். வெறும் இனிமையைத் தாண்டிய ஓர் உருக்கம் அதில் உண்டு. அவர் வாய்திறந்து பாடத் தொடங்கினால் முகத்தைப் பற்றி யாருக்கும் நினைவு வராது என்பதுதான் லாரோஷ் சொன்னதன் சாரம்.

மாஸ்கோவில் ஒரு பனிக்காலம்

1868-ல் ஓர் இத்தாலிய ஆப்பராக் குழு மாஸ்கோவுக்கு வந்தது. அதன் நட்சத்திரம் ஆர்ட்டோ. மாஸ்கோ மக்கள் இத்தாலியக் குழுக்களுக்குப் பணத்தை வாரி இறைப்பதும், சொந்த ரஷ்ய ஆப்பரா சவலைப் பிள்ளையாகக் கிடப்பதும் சாய்கோவ்ஸ்கிக்கு அடியோடு பிடிக்காத விஷயம். பிற்பாடு பத்திரிகையில் இதைக் கண்டித்துச் சூடாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் இத்தாலியக் குழுவின் தலைமைப் பாடகியிடமே மனத்தைப் பறிகொடுத்தார்!

வசந்த காலத்தில் ஒரு விருந்தில் அறிமுகம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் குழு மறுபடி வந்தபோது நெருக்கம். ஆர்ட்டோவின் நிதிக்காக நடந்த சிறப்பு ஆட்டத்துக்கு ஒபேரின் 'கறுப்பு முகமூடி' ஆப்பராவை எடுத்தார்கள். அதில் வெறும் பேச்சாக இருந்த பகுதிகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தவர் சாய்கோவ்ஸ்கி. தம்பிக்கு எழுதிய கடிதங்களில் இப்படி ஒரு பாடகியும் நடிகையும் ஒரே ஆளாக இருப்பதைக் கண்டதில்லை என்று உருகினார். பியானோவுக்கு ஓர் இசைத்துண்டை எழுதி அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்.

ஆண்டு முடிவதற்குள் பேச்சு கல்யாணத்தில் வந்து நின்றது. அவருக்கு வயது இருபத்தெட்டு, ஆர்ட்டோவுக்கு முப்பத்துமூன்று.

எதிர்ப்பும் கிளம்பிற்று. மகளோடு ஊர் ஊராகச் சுற்றிய தாயாருக்கு இந்த வரன் துளியும் பிடிக்கவில்லை. மறுபக்கம் சாய்கோவ்ஸ்கியின் தலைவரும் நண்பருமான நிகலாய் ரூபின்ஸ்டைன் தலைகீழாக நின்றார். "பெயர் பெற்ற பாடகிக்குப் புருஷனாகப் போனால், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா முழுக்க அலைவாய்; அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுவாய்; நீ இசை எழுதுவது எப்போது?" என்பது அவர் வாதம்.

ரஷ்ய நாட்காட்டிப்படி டிசம்பர் 26-ந் தேதி சாய்கோவ்ஸ்கி தகப்பனாருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஒரு மகன் தகப்பனுக்கு எழுதிய கடிதங்களில் இத்தனை நேர்மையானவை அபூர்வம். நண்பர்களின் பயத்தை மறைக்காமல் சொல்கிறார். ஆர்ட்டோ பழகிப்போன மேடையை, புகழும் பணமும் தரும் மேடையை, விடத் தயாரில்லை என்கிறார். தன்னாலும் தன் எதிர்காலத்தை முழுக்க அவருக்காகப் பலியிட முடியுமா என்று தெரியவில்லை என்கிறார். வருகிற கோடையில் பாரிஸ் அருகே ஆர்ட்டோவுக்கு இருக்கும் பண்ணை வீட்டில் சந்தித்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

தகப்பனாரின் பதில் அதைவிட அழகு. தெசிரே என்ற பெயருக்குப் பிரெஞ்சில் 'விரும்பப்பட்டவள்' என்று பொருள். என் மகனே விரும்பிவிட்டான், பிறகு அவள் நல்லவளாகத்தானே இருக்கவேண்டும் என்று அந்தக் கிழவர் வேடிக்கையாக எழுதினார். அன்புள்ள மனைவியால் திறமை வளருமே தவிரக் குறையாது என்று தைரியமும் சொன்னார்.

ஆர்ட்டோவைக் குறை சொல்பவர்கள் இந்தக் கடிதத்தை மறுபடி படித்துப் பார்க்கவேண்டும். 'மேடையை விடமாட்டேன்' என்று பெண் சொன்னால் அது பிடிவாதம். 'இசை எழுதுவதை விடமாட்டேன்' என்று ஆண் சொன்னால் அது மேதாவிலாசம் என்று வைத்துக்கொள்ள என்ன நியாயம்? பதினைந்து வருஷ உழைப்பில் கட்டிய சாரீரம் அது. குழு வார்ஸாவில் பாட ஒப்புக்கொண்டிருந்தது. அவர் வேலையைப் பார்க்கப் புறப்பட்டுப் போனார்.

வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் முன்பு மென்று விழுங்கிய ஒரு விஷயமும் உண்டு. சாய்கோவ்ஸ்கியின் நாட்டம் ஆண்களிடம் இருந்தது என்பது அவருடைய கடிதங்களாலேயே இன்று தெளிவாகியிருக்கிறது. 1877-ல் அவர் செய்துகொண்ட கல்யாணம் சில வாரங்களில் முறிந்து, இரு தரப்புக்கும் வேதனையில்தான் முடிந்தது. ஆர்ட்டோவிடம் கொண்ட ஈடுபாடு பொய்யில்லை. ஆனால் அந்த இருவரும் மணந்திருந்தால் சுகப்பட்டிருப்பார்கள் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும்.

கோடைச் சந்திப்பு நடக்கவில்லை. 1869-ல் ஆர்ட்டோ தம் குழுவிலேயே பாடிவந்த ஸ்பெயின் நாட்டுப் பாடகர் மரியானோ பதீயாவை மணந்துகொண்டார். மாப்பிள்ளை இவரைவிட ஏழெட்டு வயது இளையவர்.

கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர்

கல்யாணத்துக்குப் பின் ஆர்ட்டோ மாஸ்கோவில் 'பாஸ்ட்' ஆப்பராவில் பாடினார். சாய்கோவ்ஸ்கி போகாமல் இருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் காஷ்கின் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: திரை விலகியது முதல் சாய்கோவ்ஸ்கி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை, அதன் கீழே கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

இன்னொரு சம்பவமும் காஷ்கின் சொன்னதுதான். சில வருஷங்கள் கழித்துக் கல்லூரியில் ரூபின்ஸ்டைனின் அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தார்கள். கதவு திறந்தது. வெளியே வந்த சீமாட்டி ஆர்ட்டோ! சாய்கோவ்ஸ்கி எழுந்து நின்றார், முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாளும் மெல்ல ஒரு கூச்சலிட்டு, வாசல் எது என்று தெரியாமல் சுவரில் கதவைத் தேடினாராம்.

1869-ல் எழுதத் தொடங்கிய 'ரோமியோ ஜூலியட்' இசையில் வரும் காதல் பகுதியைப் பார்த்த சக இசையமைப்பாளர் பாலகிரேவ், ஆர்ட்டோவின் பெயரை இழுத்துக் கொஞ்சம் விரசமாகவே கேலி செய்து கடிதம் எழுதினார். 1875-ல் அரங்கேறிய முதல் பியானோ கான்செர்ட்டோவில் ஆர்ட்டோ ஒளிந்திருக்கிறார் என்பது ஆங்கில ஆராய்ச்சியாளர் டேவிட் பிரௌனின் கட்சி. ஜெர்மன் வழக்கில் ஒரு ஸ்வரத்துக்கு 'டெஸ்' என்றும் இன்னொன்றுக்கு 'ஆ' என்றும் பெயர். தெசிரே ஆர்ட்டோவின் முதலெழுத்துகள் இவையே. நம் சங்கீதத்தில் சாகித்தியத்தின் எழுத்தும் ஸ்வரமும் ஒன்றாக விழும்படி அமைக்கும் ஸ்வராக்ஷரம் உண்டல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி வித்தை. அதே படைப்பின் இரண்டாம் அங்கத்தில் வரும் பிரெஞ்சு மெட்டும் ஆர்ட்டோ பாடிவந்த பாட்டு என்கிறார்கள். எல்லா ஆராய்ச்சியாளர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. சங்கேதம் இருந்திருந்தால் அதைப் போட்டவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு பாட்டுக் கேட்டார், ஆறு வந்தது

இருபது ஆண்டுகள் ஓடின. ஆர்ட்டோ மேடையிலிருந்து விலகி, கணவருடன் பெர்லினில் குடியிருந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். 1888 பிப்ரவரியில் சாய்கோவ்ஸ்கி பெர்லினுக்கு வந்தார். இப்போது அவர் பழைய வாத்தியாரல்ல; சொந்தப் படைப்புகளைத் தாமே நடத்திக் காட்டிக்கொண்டு ஐரோப்பாவை வலம் வந்த பெரிய மனிதர். பிப்ரவரி 8-ந் தேதி பெர்லினில் அவர் நடத்திய நிகழ்ச்சியில் 'ரோமியோ ஜூலியட்', முதல் பியானோ கான்செர்ட்டோ இரண்டுமே இடம்பெற்றிருந்தன.

அதற்குச் சில தினங்கள் முன்பு ஒரு விருந்தில் இருவரும் சந்தித்தார்கள். பழங்கதையை இருவருமே தொடவில்லை. பதீயா கட்டித் தழுவிக்கொண்டார். பிறகு ஒரு மாலை ஆர்ட்டோ வீட்டில் விருந்து. பெர்லினில் கழிந்த நாட்களில் மிக இனியவற்றில் அது ஒன்று என்றும், அந்த அம்மையாரின் கவர்ச்சியும் கலையும் கொஞ்சமும் குறையவில்லை என்றும் சாய்கோவ்ஸ்கி எழுதி வைத்தார்.

ஆர்ட்டோ அவரிடம் ஒரே ஒரு பாட்டு எழுதித் தரக் கேட்டார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் பதில் வந்தது. ஒன்றுக்குப் பதில் ஆறு பாட்டுகள்! பிரெஞ்சுக் கவிதைகளைத் தேடிப் பிடித்து, ஆர்ட்டோவின் சாரீரத்தை மனத்தில் வைத்து அமைத்தவை. சமர்ப்பணமும் அவருக்கே. இதில் சங்கேதம் ஒன்றும் இல்லை; அட்டையிலேயே பெயர் அச்சாகியிருந்தது. இசைக்கலைஞர்கள் '65-ம் படைப்பு' என்று குறிப்பிடும் இந்தப் பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன.

1889-ல் இருவரும் பெர்லினில் மீண்டும் பார்த்துக்கொண்டார்கள். அதுவே கடைசி. அந்த ஆண்டு ஆர்ட்டோ குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. சாய்கோவ்ஸ்கி 1893 நவம்பரில் மறைந்தார்.

ஆர்ட்டோ-பதீயா தம்பதியின் மகள் லோலாவும் பாடகியானார். தாயார் புகழ் ஈட்டிய அதே பெர்லின் நகரில், 1907 பிப்ரவரி 21-ந் தேதி, டீலியஸ் என்ற இசையமைப்பாளரின் 'கிராமத்து ரோமியோவும் ஜூலியட்டும்' என்ற புதிய ஆப்பரா அரங்கேறியது. அதில் கதாநாயகி லோலா. கணவரை முந்திய ஆண்டில் இழந்திருந்த தெசிரே ஆர்ட்டோ, மகளின் இந்த அரங்கேற்றம் நடந்து ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 3-ந் தேதி காலமானார்.